படகு என்ஜினைக் காரில் பூட்டலாமா?

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் ஒருவர் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் நகலைக் கட்டப் போகிறேன் என்றால், படகு மெக்கானிக்குகள் விடமாட்டார்கள். "விசைப்படகில ஓடுற லேலண்ட் என்ஜினையே தூக்கி வைங்கண்ணே, இழுவை பிரமாதமா இருக்கும்!"

இழுவை இருக்கும்தான். ஆனால் இழுவை வேறு, குதிரைத்திறன் வேறு. இழுவை என்பது ஷாஃப்டைத் திருகும் விசை. அதைச் சுழல் வேகத்தால் பெருக்கினால்தான் திறன். 2,000 ஆர்.பி.எம்-மில் 300 நியூட்டன் மீட்டர் தரும் டீசலும், 6,000-இல் 100 நியூட்டன் மீட்டர் தரும் பெட்ரோல் என்ஜினும் திறனில் சமம். இரண்டாவதின் வேகத்தைக் கியரில் மூன்றில் ஒன்றாகக் குறைத்தால், இழுவையும் அதே 300 ஆகிவிடும் (உராய்வில் கொஞ்சம் போகும்).

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? எடையை வைத்து. 1957-இல் வந்த லோட்டஸ் செவன்தான் உலகெங்கும் அதிகம் நகலெடுக்கப்படும் கார்களில் ஒன்று. ஆரம்ப மாடலில் இருந்தது 1,172 சிசி ஃபோர்டு என்ஜின், 40 குதிரைத்திறன். அவ்வளவுதான்! 2013-இல் கேட்டர்ஹாம் நிறுவனம் அதே வம்சத்துக் காரில் சுசுகியின் 660 சிசி டர்போ என்ஜினை வைத்தது. 80 குதிரைத்திறன், மொத்தக் காரே 490 கிலோ. இந்த மாதிரி வண்டியின் மூக்கில் வார்ப்பிரும்பு டீசலை வைத்தால், ஸ்டியரிங்கை ஒடித்தாலும் வளைவில் வண்டி நேராகத்தான் போகப் பார்க்கும். படகுக்கு அந்தக் கனம் ஒரு பொருட்டே இல்லை.

நம் ஊரில் கிடைப்பதில் என் ஓட்டு பழைய மாருதி ஜிப்ஸிக்கு. 1.3 லிட்டர், அலுமினிய பிளாக், பின்னாளில் வந்த 16 வால்வு மாடலில் 80 குதிரைத்திறன். ஸ்விஃப்ட் என்ஜின் ஏன் கூடாது? அது குறுக்காக உட்கார்ந்து முன் சக்கரத்தை ஓட்டுவது. செவனுக்கு நீளவாக்கில் உட்கார்ந்து பின் சக்கரத்தை ஓட்டும் என்ஜின் வேண்டும். ஜிப்ஸியில் இன்னொரு வசதி: நான்கு சக்கரத்துக்கும் விசை பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர் பாக்ஸோடு ஒட்டாமல் ஒரு குட்டை ஷாஃப்டில் தனியாகத் தொங்கும். அதை எடுத்துவிட்டுப் பின் ஆக்ஸிலுக்கு நேரே ஷாஃப்ட் போட்டுவிடலாம். காசு குறைவென்றால் ஆம்னி என்ஜினும் மோசமில்லை.

வாங்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மாற்றியமைப்புகளில் கறாரானது.

அப்புறம் உப்பு. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் (சிக்ரி) உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்று பார்க்க மண்டபத்தில் ஆய்வு மையம் வைத்திருப்பது சும்மா இல்லை. அலுமினிய பிளாக்கில் இரும்பு போல்ட்டை முறுக்கி, இடையில் உப்பு ஈரம் பட்டால் அது ஒரு சின்ன மின்கலம். அதில் கரைவது அலுமினியம். போல்ட்டு மரையில் அதற்கான கிரீஸைப் பூசினால் ஈரம் உள்ளே போகாது. உள்ளே ஓடும் நீரிலும் இதே கதைதான். ராமநாதபுரத்துப் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் குளோரைடு அலுமினிய ஹெட்டைக் குழி குழியாகத் தின்னும். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் கூலன்ட் கலந்துதான் ஊற்ற வேண்டும். அவசரத்துக்குக் கடைத்தெருக் குழாயில் பிடித்திருந்தால், வீடு வந்ததும் முழுதாக வடித்து மாற்றிவிடுங்கள்.