ஆன்லைன் எம்.எட். என்று ஒன்று இல்லை, டீச்சர்

கடந்த ஆண்டு ஜூலையில் ஒரு சனிக்கிழமை மாலை. ஆலோசனை வகுப்பு முடிந்து எல்லாரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய பிறகும் ஒருவர் மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்கள் மையத்தில் படிப்பவர் அல்லர். தோழிக்குத் துணையாக வந்தவர். அரசு நடுநிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர், பதினாறு ஆண்டுப் பணி. "மேடம், இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினார்.

உள்ளே கெட்டித் தாளில் ஒரு பட்டச் சான்றிதழ். பொன்னிற முத்திரை, மூன்று கையெழுத்துகள். எம்.எட். என்று பெரிதாக அச்சிட்டிருந்தது, பி.எட்.டுக்கு மேலான முதுநிலைப் பட்டம். அதன் கீழே, பயின்ற முறை: ஆன்லைன். அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மூன்று தவணைகளில் 72,000 ரூபாய் கட்டியிருக்கிறார். கடைசித் தவணைக்கு வளையல்களை அடகு வைத்திருக்கிறார். பணிப்பதிவேட்டில் பதிவதற்காகக் கொடுத்தபோது, அலுவலகத்தில் உண்மைத்தன்மைச் சான்று வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டு அனுப்பிய பதிவுத் தபால் இரண்டு மாதம் கழித்துப் பிரிக்கப்படாமலே திரும்பி வந்துவிட்டது.

"ஆன்லைனில் எம்.எட். என்று ஒரு படிப்பு நம் நாட்டில் இல்லை, டீச்சர்" என்றேன். அவர் அழவில்லை. ஓரம் மடங்கிவிடாமல் சான்றிதழை மெதுவாக உறைக்குள் திருப்பி வைத்தார். அந்தக் கவனத்தைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பணியில் இருந்தபடியே மேற்படிப்பு படிக்கும் ஆசிரியர்களுக்குப் பதினான்கு ஆண்டுகளாக வார இறுதி வகுப்பு எடுக்கிறேன். அவர்கள் வீட்டில் எழுதித் தரும் ஒப்படைப்புகளை (அசைன்மென்ட்) திருத்துகிறேன். இப்படி ஓர் உறையோடு வருகிறவர்கள் ஆண்டுக்கு இரண்டு பேராவது உண்டு. எல்லாரும் படித்தவர்கள், பிள்ளைகளுக்குப் படிப்பு சொல்லித் தருகிறவர்கள். ஏமாறுவது அறிவு குறைந்ததால் அல்ல. பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியை அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எம்.எட். ஒரு தொழிற்கல்விப் பட்டம். அதை யார், எந்த முறையில் நடத்தலாம் என்று தீர்மானிப்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ. அதன் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் பதினைந்து படிப்புகளுக்கு நெறிகளை வகுத்தன. தொலைநிலையில் நடத்தலாம் என்று அதில் இடம்பெற்றவை இரண்டுதான்: தொடக்கக் கல்விப் பட்டயம், பி.எட். அந்த நெறிகளின்படி எம்.எட். என்பது இரண்டு ஆண்டுகள், ஆண்டுக்கு 200 வேலை நாட்கள் நேரில் போய்ப் படிப்பது. "எங்கள் தலைமையாசிரியர் அஞ்சல் வழியில்தானே எம்.எட். முடித்தார்?" என்று கேட்பார்கள். முடித்திருப்பார். அது பழைய விதிகள் இருந்த காலம். இடைத்தரகர்கள் பிழைப்பதே அந்தப் பழைய நினைவை வைத்துத்தான்.

கல்வியியல் எம்.ஏ. என்பது வேறு. வரலாறு, பொருளாதாரம் போல அது ஒரு முதுகலைப் பட்டம். கல்வி என்றால் என்ன, பிள்ளை எப்படிக் கற்கிறது, சமூகத்துக்கும் பள்ளிக்கும் என்ன உறவு, கல்வி ஆராய்ச்சியை எப்படிச் செய்வது என்பதெல்லாம் அதில் பாடம். இதைத் தொலைநிலையில் படிக்கலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, இதைப் பல ஆண்டுகளாக நடத்துகிறது. "எம்.ஏ. எஜுகேஷனும் எம்.எட்.டும் ஒன்றுதான், பெயர்தான் வேறு" என்று யாராவது தொலைபேசியில் சொன்னால், அந்த அழைப்பை அங்கேயே துண்டித்துவிடுங்கள்.

கல்வியியல் எம்.ஏ. முடித்தவர், கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வை அந்தப் பாடத்தில் எழுதலாம். 2014ஆம் ஆண்டு நெறிகளின்படி, எம்.ஏ.விலும் பி.எட்.டிலும் 55 விழுக்காடு இருந்தால், பி.எட். கல்லூரியில் கல்வியின் அடிப்படைகள் சார்ந்த பாடங்களை நடத்தத் தகுதி உண்டு. ஆனால் நம் மாநிலத்தில் முதுகலை ஆசிரியராகப் பதவி உயர்வு வேண்டுமென்றால், நீங்கள் நடத்தும் பாடத்திலேயே முதுகலை வேண்டும். கணித ஆசிரியருக்குக் கணிதத்தில், தமிழாசிரியருக்குத் தமிழில். கல்வியியல் எம்.ஏ. அங்கே உதவாது. சேர்ந்து ஓராண்டு முடித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு, வகுப்பில் முகம் வாடி உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குடும்பத்தில் பதவி உயர்வை எதிர்பார்த்துக் கடன் வாங்கியிருப்பார்கள்.

ஊக்க ஊதியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதுகலைக்கு ஒன்று, எம்.எட்.டுக்கோ எம்.ஃபிலுக்கோ இன்னொன்று என்று ஊதிய உயர்வு கிடைத்த நாட்கள் இருந்தன. அதற்காகவே ஒரு தலைமுறை ஆசிரியர்கள் இந்தப் பட்டங்களைத் தேடிப் போனார்கள். 2020 மார்ச்சில் தமிழக அரசு அந்த முறையை ரத்து செய்துவிட்டது. பிறகு வந்தது ஒரே ஒரு முறை தரும் தொகை. மாதாமாதம் கூடும் ஊதிய உயர்வு அல்ல. இன்றும் விளம்பரங்களில் "இரண்டு இன்கிரிமென்ட் உறுதி" என்று போடுகிறார்கள். உங்கள் அலுவலகக் கண்காணிப்பாளரிடம் ஐந்து நிமிடம் பேசினால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் பலரும் செலவழிப்பதில்லை.

ஆன்லைன் பட்டம் என்றாலே மட்டம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யு.ஜி.சி.யின், 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, முறையாக அனுமதி பெற்று நடத்தும் தொலைநிலைப் பட்டமும் ஆன்லைன் பட்டமும் நேரில் படித்த பட்டத்துக்கு இணையானவை. முறையாக அனுமதி பெற்று என்பதுதான் முக்கியம். யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பணியகம் ஒவ்வொரு சேர்க்கைப் பருவத்துக்கும் அனுமதிப் பட்டியலை இணையத்தில் வெளியிடுகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். நீங்கள் சேரும் அதே படிப்பு, அதே முறை, அதே பருவம் மூன்றும் பொருந்த வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தொலைநிலையில் எம்.ஏ. நடத்த அனுமதி இருக்கும், ஆன்லைனில் இருக்காது. போன ஆண்டு இருந்தது இந்த ஆண்டு இல்லாமலும் போகலாம்.

2024 முதல் இன்னொரு காவலும் வந்திருக்கிறது. சேருவதற்கு முன்னால் மாணவரே அந்தப் பணியகத்தின் தளத்தில் பதிந்து ஓர் அடையாள எண் பெற வேண்டும். அதை உங்கள் கைபேசி எண்ணில், உங்கள் கையால் செய்யுங்கள். "நாங்களே எல்லாம் பார்த்துக்கொள்கிறோம், ஓ.டி.பி.யை மட்டும் சொல்லுங்கள்" என்பவரிடம் உங்கள் படிப்பையே ஒப்படைத்துவிடுகிறீர்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு: துறையின் முன் அனுமதி. விண்ணப்பத்தைத் தலைமையாசிரியர் வழியாக அனுப்பி, ஒப்புகை வாங்கி, ஆணை கைக்கு வந்த பிறகு சேருங்கள். முதலில் சேர்ந்துவிட்டுப் பின்னேற்பு வாங்கிக்கொள்ளலாம் என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். அந்தப் பின்னேற்புக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் என் பழைய மாணவர்களில் பலர்.

அந்த டீச்சருக்கு வருகிறேன். இரண்டு வாரம் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்தார். "பணம் போனது போகட்டும் மேடம். எனக்கு உண்மையாகவே படிக்க வேண்டும்" என்றார். எதற்காக என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பதினாறு வருடமாக ஒரே மாதிரிதான் பாடம் நடத்துகிறேன். பாதிப் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை" என்றார். இந்தப் படிப்புக்குச் சேர இதைவிட நல்ல காரணத்தை இந்தப் பதினான்கு ஆண்டுகளில் நான் கேட்டதில்லை.

உடனே பணம் கட்டச் சொல்லவில்லை. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் கல்வி தொடர்பான வகுப்பு ஒன்றை முதலில் இலவசமாகப் படித்துப் பாருங்கள் என்றேன். இரவு ஒன்பதரைக்கு மேல் வீட்டு வேலை முடிந்து உட்கார்ந்து, ஆங்கிலத்தில் முக்கால் மணி நேர உரையைக் கேட்க முடிகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். முன் அனுமதி வருவதற்குள் அவர் அந்த வகுப்பை முடித்துவிட்டார். பிறகுதான் கல்வியியல் எம்.ஏ.வில் சேர்ந்தார்.

மொழிதான் பெரிய மலை. இக்னோவின் கல்வியியல் எம்.ஏ. பாடங்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கின்றன. தமிழ் வழியில் படித்து, தமிழ் வழியில் பாடம் நடத்தும் நம் ஆசிரியர்களில் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். விஷயம் தெரியாமல் அல்ல, வாக்கியம் வராமல். அந்தப் பயத்தில்தான் ஜெராக்ஸ் கடையில் விற்கும் ஆயத்த ஒப்படைப்பை வாங்கி, அப்படியே பார்த்து எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மொத்த மதிப்பெண்ணில் முப்பது விழுக்காடு வரை ஒப்படைப்புக்கு உண்டு என்பதால் அதைத் தவறவிடவும் அஞ்சுகிறார்கள். முப்பது பேர் எழுதிய ஒப்படைப்புகளில் ஒரே பத்தி, ஒரே எழுத்துப்பிழையோடு வருவதைத் திருத்தும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, துக்கம்தான் வருகிறது. அந்த முப்பது பேருக்கும் சொல்வதற்குச் சொந்தமாக ஆயிரம் இருக்கிறது. என் வகுப்பில் நான் செய்வது இதுதான்: முதலில் தமிழில் பேசச் சொல்கிறேன். பிறகு தமிழில் எழுதச் சொல்கிறேன். ஆங்கிலம் கடைசியில், சின்னச் சின்ன வாக்கியங்களாக.

டீச்சரின் முதல் ஒப்படைப்பு சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கியைப் பற்றியது. பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும், தெரிந்தவர் துணையோடு செய்யக்கூடியதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் கற்றல் நடக்கிறது என்றவர் அவர். நான்கு பக்கம் அழகாக எழுதியிருந்தார். எல்லாம் புத்தகத்தில் இருந்தவை. "இதில் உங்கள் பிள்ளை ஒருவர்கூட இல்லையே?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் தன் வகுப்பு மாணவன் ஒருவனின் கணக்கு நோட்டோடு வந்தார். ஆறாம் வகுப்பு. 402இலிருந்து 178ஐக் கழிக்க வேண்டும். பையன் 376 என்று எழுதியிருந்தான். பக்கத்திலேயே சிவப்பு மையில் பெரிய தவறுக் குறி, டீச்சர் போட்டது. "மூன்று வருடமாக இந்த விடையைத் தவறு என்று அடித்துவிட்டுப் போயிருக்கிறேன் மேடம். நேற்றுதான் ஏன் 376 என்று கேட்டேன்" என்றார். 2இலிருந்து 8 போகாது, அதனால் பையன் 8இலிருந்து 2ஐக் கழித்து 6 போட்டிருக்கிறான். 0இலிருந்து 7 போகாது, அதனால் 7. கடைசியில் 4இலிருந்து 1 போக 3. கவனக்குறைவே இல்லை. எந்த இடத்தில் எந்த எண் இருந்தாலும் சிறியதைப் பெரியதிலிருந்து கழி என்று அவனாக ஒரு விதி வைத்துக்கொண்டு, அதைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறான்.

மறுநாள் அவனையும் இன்னொரு பெண்ணையும் சேர்த்து உட்காரவைத்து, புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகத் தாளில் மடித்துக் கொடுத்திருக்கிறார். பத்துப் பொட்டலங்கள் சேர்ந்தால் நூறு, அதற்கு ஒரு பை. பத்துகள் இடத்தில் ஒரு பொட்டலமும் இல்லை என்றதும் பையன் திகைத்து நின்றிருக்கிறான். அந்தப் பெண், "பையைப் பிரிடா" என்றிருக்கிறாள். பிரித்தான். ஒரு பொட்டலத்தையும் உடைத்தான். 224 வந்தது. கடன் வாங்கிக் கழித்தல் என்று பலகையில் ஆயிரம் முறை சொன்ன டீச்சருக்கு, யார் யாரிடம் கடன் வாங்குகிறார்கள் என்பதைப் பையன் கண்ணால் பார்த்ததே இல்லை என்பது அன்றுதான் புரிந்திருக்கிறது. இதை அப்படியே எழுதச் சொன்னேன். ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம்தான் வந்தது, இலக்கணப் பிழைகளோடு. அந்தப் பருவத்தில் நான் படித்தவற்றில் அதுதான் வைகாட்ஸ்கியை உண்மையாகப் புரிந்துகொண்ட ஒப்படைப்பு.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளி, எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றம், பயிற்சி வகுப்புகள், வீடு எல்லாம் போக ஆசிரியைகளுக்கு மிஞ்சுவது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். அதையும் யாரோ ஒருவர் விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. ஜூன், டிசம்பர் தேர்வு மாதங்களில் இரவுச் சமையலை யார் பார்ப்பார்கள் என்பதை, சேர்வதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். நடுவில் நின்றுபோனவர்களில் பெரும்பாலோர் பாடம் கடினம் என்று நிற்கவில்லை. இதைப் பேசாமல் சேர்ந்துவிட்டவர்கள். டீச்சர் வீட்டில் வாரத்தில் நான்கு நாள் அவருடைய கணவர் தோசை ஊற்றுகிறார்.

இப்போது அவர் இரண்டாம் ஆண்டில் இருக்கிறார். ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு என்று சென்ற சனிக்கிழமை கேட்டேன். பையிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்தார். தன் பள்ளியிலும் பக்கத்துப் பள்ளியிலும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 61 பேரிடம் அதே கணக்கைக் கொடுத்து, ஒவ்வொருவர் விடையையும், அந்த விடை எப்படி வந்தது என்று அந்தப் பிள்ளை சொன்னதையும் வரிசையாக எழுதியிருந்தார். 376 என்ற விடை மட்டும் பதினான்கு இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். சிவப்பு மை எங்கும் இல்லை.