இரண்டு கிலோமீட்டர்தான் கஷ்டம்

"எங்கம்மா நிக்கிற?"

"லிஃப்ட்டுக்குக் கீழதான்பா."

"எந்த லிஃப்ட்?"

பதில் வருவதற்குள் லைன் கட்.

வெளிநாட்டுக்குக் குடும்பத்தோடு பனிச்சறுக்கப் போனவர்களுக்கு இது பழகிய கதை. லிஃப்ட் என்றால் இங்கே மாடிக்கு ஏற்றும் பெட்டி இல்லை, சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றிவிடும் கம்பிவட ஊர்தி. வேடிக்கை என்னவென்றால், அன்று இரவே 8,000 கிலோமீட்டர் தள்ளி வீட்டில் இருக்கும் பாட்டியோடு அரைமணி நேரம் வீடியோவில் பேசுவார்கள், ஒரு தடங்கலும் வராது. மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் 2 கிலோமீட்டரில் நிற்கும் மகள்தான் கிடைக்கமாட்டாள்.

பாட்டி எப்படிக் கிடைக்கிறார் என்று முதலில் பார்ப்போம். அந்நிய நாட்டில் விமானம் இறங்கியதும் ஃபோன் அங்குள்ள ஒரு டவரிடம் தன் சிம்மின் அடையாள எண்ணைச் சொல்கிறது. எண்ணின் முதல் சில இலக்கங்களிலேயே நாடும் நிறுவனமும் தெரிந்துவிடும். உள்ளூர் நிறுவனம் உடனே சொந்த நாட்டு நிறுவனத்தைக் கேட்கிறது: இவர் உங்கள் ஆளா? சொந்த நிறுவனம் ஒரு கணக்கைக் கொடுத்து, அதற்கான விடையையும் அனுப்புகிறது. சிம்முக்குள் இருக்கும் ரகசிய எண்ணைக் கொண்டு ஃபோன் அந்தக் கணக்கைப் போட்டு, விடையை மட்டும் சொல்கிறது. இரண்டு விடையும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். ரகசிய எண் சிம்மை விட்டு வெளியே வருவதே இல்லை. ரோமிங்கின் அடிப்படை இவ்வளவுதான்.

அதன் பிறகு நடப்பதுதான் சுவாரசியம். பெரும்பாலான ரோமிங்கில் உங்கள் இணையத் தரவு நேராக இணையத்துக்குப் போகாது. முதலில் சொந்த நாட்டு நிறுவனத்தின் வாசலுக்குப் போய், அங்கிருந்துதான் உலகத்துக்குள் நுழையும். அதாவது, சரிவின் அடியில் நிற்கும் அப்பா மேலே நிற்கும் மகளுக்கு "சீக்கிரம் வா" என்று அனுப்பினால், அந்த இரண்டு சொல் கடல் கடந்து ஊருக்குப் போய், மறுபடி அதே மலைக்குத் திரும்புகிறது. சாதாரண அழைப்பும் அப்படித்தான்: மகளின் எண் ஊர் எண் என்பதால் அழைப்பு ஊருக்குப் போய்த் திரும்பும். கட்டணம் இரண்டு பக்கமும் ஏறுவது இதனால்தான். நேரம் மட்டும் பெரிதாக வீணாவதில்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 8,000 கிலோமீட்டருக்கு 40 மில்லிநொடி, ஊருக்குப் போய்த் திரும்ப 80 போதும். பேச்சில் ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் நம் காதுக்குப் பெரும்பாலும் உறைக்காது.

ஆல்ப்ஸ் மலையில் இதற்கு ஒரு துணைக்கதை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அந்த நாடுகளின் சிம்முக்கு 2017 ஜூன் 15 முதல் தனி ரோமிங் கட்டணம் கிடையாது. சுவிட்சர்லாந்து அந்த ஒன்றியத்தில் இல்லை. இத்தாலியின் செர்வினியாவும் சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட்டும் ஒரே மலைத்தொடரின் இரண்டு பக்கம். சறுக்குத் தடங்கள் எல்லையைத் தாண்டுகின்றன. எல்லைக்கோடு பனியில் தெரியாது, ரேடியோ அலைக்கும் தெரியாது. இத்தாலியச் சரிவில் நிற்கும்போதே ஃபோன் சுவிஸ் டவரைப் பிடித்துக்கொண்டால் பில் வரும்போதுதான் தெரியும். செட்டிங்கில் நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுத்து வைத்துவிடுவது நல்லது.

ஆக, தூரம் ஒரு பொருட்டே இல்லை. மகளைப் பிரிப்பது நடுவில் இருக்கும் பாறை. பனி கொட்டுவதால்தான் சிக்னல் போச்சு என்று பலரும் பழியைப் பனிமேல் போடுகிறார்கள். உலர்ந்த பனி செல்போன் அலையைப் பெரிதாக உறிஞ்சாது. ஈரப்பனி கொஞ்சம் உறிஞ்சும். முகடுதான் உண்மையான வில்லன். முகட்டின் விளிம்பில் அலை ஓரளவு வளைந்து மறுபக்கம் இறங்கும். நீளமான அலை அதிகம் வளையும், குட்டையான அலை குறைவாக. 800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 37 சென்டிமீட்டர். 2,600 மெகாஹெர்ட்ஸில் அது 12 சென்டிமீட்டருக்கும் குறைவு. வேகமான இணையம் தரும் அந்தக் குட்டை அலைதான் பள்ளத்தாக்கில் முதலில் கைவிடுகிறது.

இதில் இன்னொரு சிக்கல். சிக்னல் மங்க மங்க, ஃபோன் டவருக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்கக் கத்துகிறது. மின்சாரம் கரைகிறது. அதுவும் குளிரில்.

மேலே ஏற ஏற, 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும். 1,200 மீட்டரில் உள்ள ஊரில் பூஜ்யம் டிகிரி என்றால், 3,000 மீட்டர் உச்சியில் மைனஸ் 12 அளவில் இருக்கும். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் வரம்போ 0 முதல் 35 டிகிரிதான். லித்தியம் அயனி பேட்டரிக்குள் அயனிகள் ஒரு திரவத்தின் வழியே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால்தான் மின்சாரம். குளிரில் அந்தத் திரவம் கெட்டிப்படுகிறது. சேற்றில் கால் புதைந்தவனைப் போல அயனி தடுமாறுகிறது. கேமராவைத் திறந்து திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்டால் மின்னழுத்தம் பொத்தென்று விழும். பேட்டரி காலி என்று நினைத்து ஃபோன் தன்னையே அணைத்துக்கொள்ளும். 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது செத்துப்போவதும், உள்சட்டைப் பையில் வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் உயிர் பெறுவதும் இதனால்தான். உள்ளே இருந்த ஆற்றல் எங்கும் போகவில்லை, வெளியே வர வழி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சார்ஜ் போடுவதில் மட்டும் அவசரம் கூடாது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம், பேட்டரியின் ஒரு முனையாக இருக்கும் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன்மேல் உலோகப் படலமாகப் படியும். அந்தச் சேதம் சூடு பட்டாலும் சரியாகாது.

எனவே ஃபோனுக்கு உகந்த இடம் ஜாக்கெட்டின் வெளிப்பை இல்லை, உடம்பை ஒட்டிய உள்பை. எடுத்தாலும் கையுறையோடு திரை கேட்காது. விரல் மின்கடத்தி என்பதால், திரையின் மின்புலத்தில் அது உண்டாக்கும் சிறு மாற்றத்தைத்தான் ஃபோன் தொடுதலாக உணர்கிறது. தடித்த கையுறை அதை மறைத்துவிடும். உருகிய பனித்துளியோ மின்கடத்தி. அது விழுந்த இடத்திலெல்லாம் ஃபோன் தானாக ஏதாவது செய்துகொண்டிருக்கும். ஜிபிஎஸ் மட்டும் சிக்னலே இல்லாத இடத்திலும் வேலை செய்யும். செயற்கைக்கோள் சொல்வதைக் கேட்பது மட்டுமே அதன் வேலை. தான் எங்கே இருக்கிறோம் என்று ஃபோனுக்குத் தெரியும், பிறருக்குச் சொல்லத்தான் வாய் இல்லை. வரைபடத்தை முன்னாலேயே இறக்கி வைத்துக்கொண்டால் அந்த அறிவாவது நமக்குப் பயன்படும்.

பழைய வாக்கி டாக்கியை இந்த இடத்தில் நான் பெரிதும் மதிக்கிறேன். டவர் வேண்டாம், சிம் வேண்டாம், ஊர் சுற்றி வர வேண்டாம். கருவியிலிருந்து கருவிக்கு நேரே பேசும், கையுறையோடு பொத்தானை அழுத்தலாம். ஐரோப்பாவில் உரிமம் தேவைப்படாத அலைவரிசை 446 மெகாஹெர்ட்ஸ், அதிகபட்ச ஆற்றல் அரை வாட். அமெரிக்காவில் குடும்பங்கள் பயன்படுத்துவது 462, 467 மெகாஹெர்ட்ஸ். ஒன்றை வாங்கி மற்ற கண்டத்தில் பயன்படுத்துவது சட்டப்படி தவறு. பெட்டியில் அச்சடித்திருக்கும் கிலோமீட்டர் கணக்கு நடுவில் எதுவும் மறைக்காத வெட்டவெளிக்குத்தான் பொருந்தும். முகடு குறுக்கே நின்றால் இதுவும் ஊமை. முகட்டில் நிற்கும் ஒருவர் இரண்டு பக்கமும் கேட்டுச் சொல்லலாம்.

குறிக்கப்பட்ட தடத்தை விட்டு வெளியே சறுக்குபவர்களுக்கு வேறொரு கருவி கட்டாயம் வேண்டும்: பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் டிரான்ஸீவர். உலகம் முழுக்க அதற்கு ஒரே அலைவரிசை, 457 கிலோஹெர்ட்ஸ். அலைநீளம் 650 மீட்டருக்கும் மேல். தேடும் கருவி உணர்வது அருகில் பரவும் காந்தப்புலத்தை. பனி அதைத் தடுக்காது. ஆனால் தூரம் கூடக்கூட அது மிக வேகமாக மெலிந்துவிடும். எட்டும் தூரம் சில பத்து மீட்டர்தான். உதவிக்கு ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது. முதல் 10, 15 நிமிடங்களில் கூட இருப்பவரே தேடியாக வேண்டும். அப்போது ஃபோனே எதிரியாகிவிடும். அதன் மின்சுற்று எழுப்பும் இரைச்சல் கருவியைக் குழப்பும். சாதாரணமாகச் சறுக்கும்போது இரண்டுக்கும் நடுவே 20 சென்டிமீட்டர் இடைவெளி, தேடும்போது 50 சென்டிமீட்டர் என்பது பொதுவான அறிவுரை. ஐரோப்பாவில் 112-க்கு அழைத்துச் சொல்லுங்கள். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், எந்த நிறுவனத்தின் டவர் எட்டினாலும் அந்த அழைப்பு போகும். பேசி முடித்ததும் ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டுத் தேடத் தொடங்குங்கள்.