மன்பதை

செய்தித் தொலைக்காட்சியின் அடியில் ஓடிய வரி இது: ‘மனிதாபிமானத்துக்கு எதிரான குற்றம்’. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கேட்டாள்: “இரக்கம் காட்டாததற்காகவா வழக்குப் போடுகிறார்கள்?” அவள் தவறாகப் படிக்கவில்லை. மொழிபெயர்ப்பு அப்படித்தான் சொல்கிறது.

1945-இல் நாஜித் தலைவர்கள் மீதான நூரம்பர்க் விசாரணைக்கான சாசனத்தில் இடம்பெற்ற குற்றம் இது. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய 1998-இன் ரோம் சட்டம் அதை விரித்துரைக்கிறது: பொதுமக்கள் மீது பரவலாகவோ திட்டமிட்டோ நடத்தப்படும் தாக்குதலின் பகுதியாகக் கொல்வது, சித்திரவதை செய்வது, அடிமையாக்குவது, ஊரைவிட்டே துரத்துவது. ‘humanity’ என்ற ஆங்கில மூலச் சொல்லுக்கு இரு பொருள் உண்டு: மனிதத் தன்மை, மனிதர் அனைவரும். இங்கே கொள்ளவேண்டியது இரண்டாவது. ஈவு இரக்கமற்ற செயல் எல்லாம் இந்தக் குற்றம் ஆகிவிடாது. நிவாரணப் பொருள் அனுப்பினால் ‘மனிதாபிமான உதவி’ என்று தாராளமாக எழுதுங்கள். குற்றத்தின் பெயரில் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை?

இதைச் சொன்னால், ‘மனித இனத்துக்கு எதிரான குற்றம்’ என்று மாற்றித் தருகிறார்கள். இது இன்னும் மோசம். இனவெறி, இனக்கலவரம், இனப்படுகொலை என்று நாள்தோறும் படிக்கிறவர் ‘இனம்’ என்றதும் எதை நினைப்பார்? ரோம் சட்டத்தில் இனப்படுகொலை 6-ஆம் பிரிவு, இந்தக் குற்றம் 7-ஆம் பிரிவு. இரண்டும் வேறு. ஈழத்தில் நடந்தது இவற்றில் எது என்று வாதிடும் தமிழருக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. அதைக் குழப்பும் சொல்லையே அவர்கள் கையில் கொடுக்கிறோம். ‘மனிதகுலம்’ பரவாயில்லை, ஆனாலும் குலம் என்றால் நம் ஊரில் சாதியும் நினைவுக்கு வந்துவிடுகிறது.

நம்மிடம் மன்பதை இருக்கிறது. மக்கட் பரப்பு என்று பொருள். ‘மன்பதை காக்கும் நின்புரைமை நோக்காது’ என்று சேர மன்னனிடம் முறையிடுகிறார் பெருங்குன்றூர் கிழார் (புறநானூறு 210). காக்கப்பட வேண்டிய மக்கள் திரள் என்ற கருத்து அந்த அடியிலேயே இருக்கிறது. சட்டத்துக்கு வேண்டியதும் அதுதான். மக்கள் என்றாலே போதாதா என்றால், போதாது: அது பிள்ளைகளையும் குறிக்கும், ஒரு நாட்டுக் குடிகளையும் குறிக்கும்.

யாருக்குப் புரியும் என்கிறார்கள். அபேட்சகர் போய் வேட்பாளர் வந்தபோதும் இதைத்தான் கேட்டிருப்பார்கள். இன்று வாக்குச்சாவடி வாசலில் அபேட்சகர் என்று சொல்லிப் பாருங்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போகும் அவசரம்தான் நம் மொழிபெயர்ப்பாளர்களின் நோய். நாளைக்கே ‘மன்பதைக்கு எதிரான குற்றம்’ என்று ஓடவிடுங்கள். என் மகளும் மன்பதை என்றால் என்ன என்றுதான் முதலில் கேட்பாள்; அதற்கு என்னால் ஒரே வரியில் சரியான பதில் சொல்ல முடியும்.