முளைச்சது பொழைக்கணும்னா ரெண்டாவது மழை வேணும்

வறண்ட புல்வெளியில செடி வரலைன்னா உடனே ஆடு மாட்டைக் கை காட்டுவாங்க, இல்லைன்னா மழை பத்தலைம்பாங்க. ரெண்டுமே உண்மைதான், ஆனா ரெண்டும் எந்த நேரத்துல வந்து சேருதுங்கறதுலதான் நாத்தோட தலையெழுத்தே இருக்கு.

மழையை எடுத்துக்குவோம். வருஷத்துக்கு மொத்தம் எத்தனை மி.மீ.ங்கற கணக்கு நாத்துக்கு பெருசா உதவாது. 5 மி.மீ. தூறல் மேல் மண்ணை மட்டும் நனைச்சுட்டு வெயில்ல சீக்கிரமே ஆவியாயிடும், அதை நம்பி முளைச்ச விதை காலி. அதனாலதான் சில பாலைவனச் செடிகளோட விதைத்தோல்ல முளைப்பைத் தடுக்கற கெமிக்கல் இருக்கு, நல்லா பெஞ்சு அது கரைஞ்சு போனாதான் முளையே வெளிய வரும். அப்பவும் எல்லா விதையும் முளைக்காது, ஒரு பங்கு மண்ணுக்குள்ளயே தூங்கும். கையில இருக்கற காசை எல்லாம் ஒரே எடத்துல போடாத ஆளு மாதிரி. 1966ல டான் கோஹென்ங்கற உயிரியல் ஆய்வாளர் இதை கணக்கு போட்டே காட்டினாரு, முளைச்சது பொழைக்காத வருஷம் அதிகமா வர்ற எடத்துல வருஷா வருஷம் கொஞ்சமா முளைக்கறதுதான் நீண்ட நாளைக்கு லாபம்னு.

சரி முளைச்சாச்சு. இப்பதான் உண்மையான கண்டம். வட அமெரிக்க சமவெளியில புளூ கிராமான்னு ஒரு புல் இருக்கு, அது முளைக்கும்போது ஒரே ஒரு மெல்லிசான விதைவேர்தான் இருக்கும், அந்த ஒத்தை வேரு இலை வளர வளர தண்ணி குடுத்து மாளாது. நிரந்தர வேர் தண்டோட அடியில இருந்து வரணும், அது கிளம்பற எடம் மண்ணோட மேல்பரப்பை ஒட்டியே இருக்கறதால முளைச்சு சில வாரம் கழிச்சு இன்னொரு மழை வந்து மேல் மண்ணு ரெண்டு மூணு நாளாவது தொடர்ந்து ஈரமா இருந்தாகணும். வரலையா, பார்க்க பச்சையா நிக்கும், ஆனா நாள் எண்ணிட்டு நிக்குதுன்னு அர்த்தம்.

இந்த இடைவெளியில மந்தை வந்தா? பெரும்பாலான இருவித்திலை (முளைக்கும்போதே ரெண்டு விதையிலை விடற செடி) நாத்துல விதையிலையோட கக்கத்துலயும் அதுக்கு மேலயும்தான் மொட்டு இருக்கு, விதையிலைக்குக் கீழ கடிச்சா திரும்பத் துளிர்க்க ஒண்ணும் மிச்சமில்லை. புல்லுக்கு வளர்ற நுனி தரையை ஒட்டி இருக்கறதால கடியைத் தாங்கும், ஆனா நிரந்தர வேர் பிடிக்காத புல்லு கடிக்கும்போதே வேரோட புடுங்கிட்டு வந்துடும்.

கடியைவிட குளம்பு பண்றதுதான் பெருசுன்னு எனக்குத் தோணும். மண்ணு இறுகினா தண்ணி உள்ள இறங்காது, நல்ல மழைகூட பாதி ஓடியே போயிடும், மேல கிடந்த சருகும் போயிட்டா மண்ணு இன்னும் சீக்கிரம் காயும். அதாவது வானத்துல இருந்து விழற மழை அதேதான், நாத்துக்குக் கிடைக்கற மழை குறைஞ்சு போச்சு.

ஆனா மேய்ச்சல்னாலே கெடுதல்னும் சொல்ல முடியாது. பெரிய புல்லைத் தின்னுட்டா கீழ இருக்கற நாத்துக்கு வெளிச்சமும் தண்ணியும் கிடைக்கும், கெட்டித்தோல் விதைங்க சாணியோட புது எடத்துக்குப் போகும். மழை நல்லா இருக்கற வருஷம் போட்டியா இருந்த அதே பெரிய செடி, காஞ்ச வருஷத்துல பல எடத்துல நிழல் குடுத்து நாத்தைக் காப்பாத்துது, முள்ளுச்செடின்னா ஆட்டுவாய்க்கும் தடுப்பு. அதே மேய்ச்சல் ஒரு வருஷம் உதவியா இருக்கும், இன்னொரு வருஷம் கொன்னுடும்.

அதனால மழைக்கு அப்புறம் நாத்து வேர் பிடிக்கற வரைக்குமாவது மந்தையை வேற பக்கம் ஓட்டணும்கறாங்க. சொல்றது சுலபம், மாசக்கணக்கா காஞ்ச புல்லையே தின்ன மாடு இளம் பச்சையைப் பார்த்துட்டா நிக்குமா, மேய்க்கறவருக்கும் அந்த நேரத்துலதான் தீவனம் கையில இருக்காது.