ஒரே ஃபர்னஸ், ஊருக்கொரு செலவு

அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான தனி வீடுகளைக் குளிர்காலத்தில் சூடாக்குவது ஃபர்னஸ்தான். உள்ளே எரிவாயு எரியும். அந்தச் சூட்டை வெப்பப் பரிமாற்றி வீட்டுக் காற்றுக்குக் கடத்தும். விசிறி அந்தக் காற்றை டக்ட் எனும் காற்றுக் குழாய்கள் வழியாக அறைகளுக்குத் தள்ளும். புகை தனிக் குழாயில் வெளியே போய்விடும். பழையதை மாற்றும்போது ஒரே மாதிரியான பெட்டிக்கு மினியாபொலிஸில் ஒரு தொகை, டென்வரில் ஒரு தொகை, லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தொகை சொல்வார்கள். ஊருக்கு ஊர் கூலி மாறும், அனுமதிக் கட்டணம் மாறும், சரி. ஆனால் அந்தந்த ஊரின் காற்றும் குளிரும் வீட்டமைப்பும் செய்யும் வேலை அதைவிடச் சுவாரசியமானது.

முதலில் குளிர். ஒரு வீடு இழக்கும் வெப்பம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. மினியாபொலிஸில் ஃபர்னஸின் அளவைக் கணக்கிடும்போது வெளியே ஏறக்குறைய மைனஸ் 24 டிகிரி செல்சியஸ் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அட்லாண்டாவில் மைனஸ் 5 போதும். உள்ளே 21 டிகிரி வேண்டுமென்றால் வித்தியாசம் 45, 26. ஆக, ஒரே வீட்டுக்கு மினியாபொலிஸில் 1.7 மடங்கு பெரிய ஃபர்னஸ் வேண்டும். ஆனால் பெட்டி பெரிதாவதால் விலை அந்த அளவுக்கு ஏறுவதில்லை. செலவைத் தீர்மானிக்கும் பெரிய கேள்வி எந்தத் திறனில் வாங்குவது, அதாவது எரிவாயுவின் வெப்பத்தில் எத்தனை சதவீதம் வீட்டுக்குள் வர வேண்டும் என்பதுதான்.

எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். அது எரியும்போது தண்ணீர் உண்டாகிறது. ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் 2.25 கிலோ தண்ணீர், அதுவும் ஆவியாக. சாதாரண 80 சதவீத ஃபர்னஸ் அந்த ஆவியைச் சூடான புகையோடு வெளியே விட்டுவிடுகிறது. கொதிநீரைவிட நீராவி கடுமையாகச் சுடுவது ஏன்? ஆவி திரும்பத் தண்ணீராகும்போது ஆவியானபோது வாங்கிய வெப்பத்தையெல்லாம் கக்கிவிடுகிறது. இந்த வெப்பத்தையும் விடாமல் பிடிக்க இரண்டாவது வெப்பப் பரிமாற்றி ஒன்றைச் சேர்த்ததுதான் கண்டென்சிங் ஃபர்னஸ். திறன் 90 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

பிடித்த வெப்பத்துக்கு விலையும் உண்டு. சேரும் தண்ணீர் அமிலத்தன்மை கொண்டது; அதற்கு வடிகால் வேண்டும். புகை ஆறிப்போவதால் அது தானாகப் பழைய செங்கல் புகைபோக்கியில் ஏறாது; சுவரைத் துளைத்து பிவிசி குழாய் போட வேண்டும். வாட்டர் ஹீட்டரும் அதே புகைபோக்கியைப் பகிர்ந்திருந்தால் இன்னொரு சிக்கல். ஃபர்னஸ் விலகிய பின் அந்தப் பெரிய புகைபோக்கி தனி ஹீட்டரின் சிறு புகையால் போதுமான அளவு சூடாகாது. உள்ளேயே ஈரம் படிந்து செங்கல் அரிக்கும். ஆகவே உள்ளே குறுகிய உலோகக் குழாய் ஒன்றை இறக்க வேண்டும். மதிப்பீட்டுத் தாளில் ஒரே வரியில் வருகிற இந்த வேலையைத்தான் நான் முதலில் தேடிப் பார்க்கச் சொல்வேன்.

மினியாபொலிஸ் இருக்கும் மினசோட்டா மாநில வீடுகளில் ஃபர்னஸ் பெரும்பாலும் பேஸ்மென்டில் இருக்கும், வடிகால் பக்கத்திலேயே. குளிர்காலமும் நீளம், எரிவாயுவில் மிச்சமாகும் பணம் சீக்கிரமே கூடுதல் விலையை ஈடுகட்டிவிடும். டெக்சாஸில் பல வீடுகளில் அது கூரைக்கடியில், பரணில். அங்கே ஏறி இறங்கி வேலை செய்வதே கடினம். தண்ணீர் கசிந்தால் கீழறையின் உட்கூரை பாழாகும் என்பதால் அடியில் தட்டு வைக்க வேண்டும்; உறைபனி வரும் இரவில் வடிகுழாய் உறையாமலும் பார்க்க வேண்டும். அதற்கு ஈடான மிச்சமோ அந்தக் குறுகிய குளிர்காலத்தில் கிடைப்பதில்லை.

டென்வர் வேறு விதம். 5,280 அடி உயரத்தில் காற்று மெல்லியது, எரிவதற்கான ஆக்சிஜனும் குறைவு. 2,000 அடிக்கு மேலுள்ள இடங்களில் கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஃபர்னஸின் எழுதப்பட்ட அளவில் 4 சதவீதம் கழிக்க வேண்டும் என்பது நெடுநாளைய விதி. சில புதிய மாடல்களுக்குத் தயாரிப்பாளர்கள் வேறு கணக்கு தருகிறார்கள். பழைய கணக்குப்படி, 80,000 பிடியு (ஒரு மணி நேர வெப்பத்தைச் சொல்லும் அளவு) என்று எழுதியிருக்கும் ஃபர்னஸ் டென்வரில் 63,000 அளவுக்குத்தான் எரியும். பெரிய மாடல் வாங்க நேரும்; எரிவாயு வரும் துளைகளையும் சிறிதாக மாற்ற நேரலாம்.

லாஸ் ஏஞ்சலஸில் குளிர் லேசு. ஆனால் மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் புகைமூட்டம் தங்கிவிடும். அதனால் அங்கே ஃபர்னஸ் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுக்கான வரம்பை ஒரு ஜூல் வெப்பத்துக்கு 40 நானோகிராமிலிருந்து 14-க்குக் குறைத்தார்கள். சுடரின் உச்சச் சூட்டில்தான் அந்த வாயு அதிகம் உண்டாகிறது. காற்றை முன்கூட்டியே நன்றாகக் கலந்து சுடரைத் தணிக்கும் தனி பர்னர் தேவை, விலையும் கூடுகிறது.

கனடாவில் 2010 முதல் 90 சதவீதமும் 2019 முதல் 95 சதவீதமும் குறைந்தபட்சத் திறனாகச் சட்டமாயின. ஆகவே ஸ்கார்பரோவிலோ மார்க்கமிலோ இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், 2010-க்குப் பின் வைத்த ஃபர்னஸை இன்று மாற்றினால், பிவிசி குழாயும் வடிகாலும் பெரும்பாலும் தயாராகவே இருக்கும். அமெரிக்க எரிசக்தித் துறை 2023-இல் வெளியிட்ட விதி, 2028 டிசம்பர் முதல் அங்கும் 95 சதவீதம் என்கிறது. அது நடைமுறைக்கு வந்தால், அட்லாண்டாவில் 80 சதவீத ஃபர்னஸை மாற்றுகிறவர்கள் பெட்டியோடு சேர்த்துக் குழாய்க்கும் வடிகாலுக்கும் பணம் எடுத்துவைக்க வேண்டியிருக்கும்.