பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவியில் கணவருக்கு என்ன இடம்?

ஓர் ஊராட்சியின் தலைவர் பதவி பெண்களுக்கு என்று அறிவிப்பு வந்ததும், அதுவரை போட்டியிடத் தயாராக இருந்த ஆண்கள் தங்கள் மனைவியையோ தாயையோ மருமகளையோ வேட்புமனுவில் கையெழுத்திட வைப்பது நம் கிராமங்களில் புதிய காட்சி அல்ல. சுவரொட்டியில் மனைவியின் பெயருக்கு மேலே கணவரின் படம் பெரிதாக இருக்கும். வெற்றி பெற்ற பிறகு ஊர் கணவரைத் 'தலைவர்' என்றும், உண்மையில் வென்றவரைத் 'தலைவர் வீட்டம்மா' என்றும் அழைக்கத் தொடங்கிவிடும். வட மாநிலங்களில் இந்தக் கணவர்களுக்குச் 'சர்பஞ்ச் பதி', 'பிரதான் பதி' என்று பட்டமே இருக்கிறது. சட்டத்தில் இப்படி ஒரு பதவி எங்கும் இல்லை.

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் 243டி பிரிவு, ஊராட்சி உறுப்பினர் இடங்களிலும் தலைவர் பதவிகளிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்படும் இடங்களுக்குள்ளும் பெண்களுக்குப் பங்கு உண்டு. தமிழ்நாடு 2016-இல் 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தைத் திருத்தி இந்தப் பங்கைப் பாதியாக உயர்த்தியது. அந்த உயர்வு 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களிலும், 2021 அக்டோபரில் எஞ்சிய ஒன்பது மாவட்டங்களிலும் நடந்த ஊரகத் தேர்தல்களில் நடைமுறைக்கு வந்தது. 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் நடந்தபோது 21 மாநகராட்சிகளில் 11-இன் மேயர் பதவி பெண்களுக்குரியதாக இருந்தது.

இங்கே ஒரு தவறான புரிதலைத் திருத்தியாக வேண்டும். 'பொது' என்று அறிவிக்கப்பட்ட இடத்தை 'ஆண்கள் இடம்' என்று பேசும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஆண்களுக்கென்று எந்த இடமும் ஒதுக்கப்படுவதில்லை; பொது இடத்தில் பெண்ணும் நிற்கலாம். பாதி என்பது பெண்களுக்குரிய குறைந்தபட்சமே. வேட்பாளருக்கு 21 வயது நிறைந்து, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் கல்வித் தகுதி எதுவும் கேட்கப்படுவதில்லை. கிராம ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதோடு, அந்தத் தேர்தல் கட்சிச் சின்னங்களில் நடப்பதுமில்லை.

தேர்ந்தெடுக்கப்பட்டவரின் பொறுப்புகள் தெளிவானவை. மன்றக் கூட்டத்தையும் கிராம சபையையும் கூட்டித் தலைமை தாங்குபவர் அவர். ஊராட்சிக் கணக்கின் காசோலையில் துணைத் தலைவரோடு சேர்ந்து கையெழுத்திடுபவரும் அவரே. இவற்றில் எதையும் அவர் தம் குடும்பத்தாருக்கு எழுதிக்கொடுக்கவோ வாய்மொழியாக ஒப்படைக்கவோ முடியாது. கணவர் அந்த ஊர் வாக்காளர் என்றால் கிராம சபையில் மற்றவர்களோடு அமர்ந்து கேள்வி கேட்கலாம். மேடையில் மனைவிக்குப் பதிலாகப் பதில் சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. மன்றக் கூட்டத்தில் வாக்களிக்கவோ தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்திடவோ அவருக்கு இடமே இல்லை. ஆனால், ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகூடப் பல ஊர்களில் அவருக்குத்தான் போகிறது என்பதால், இந்த வழக்கத்தைக் குடும்பத்தின் குற்றமாக மட்டும் பார்ப்பது சரியாகாது. அலுவலர்களின் வசதியும் அதற்குத் துணைநிற்கிறது.

இதில் அதிகம் பேசப்படாத ஆபத்து ஒன்று உண்டு. ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திய தலைவரை ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவின்கீழ் பதவி நீக்கம் செய்யலாம். முதலில் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்ப வேண்டும். பிறகு வட்டாட்சியர் வழியே மன்ற உறுப்பினர்களின் கருத்தை அறிந்து முடிவெடுக்க வேண்டும். அந்த அறிவிப்பு மனைவியின் பெயருக்கு வரும். கணவர் சொல்லிக் கையெழுத்திட்ட செலவுப் பட்டியலுக்கும் செய்யாத வேலைக்குக் கொடுத்த பணத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர்தான். அதிகாரத்தை ஆண் வைத்துக்கொள்ள, தண்டனையைப் பெண் ஏற்கும் ஏற்பாடு இது. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குபவர் சொந்தக் கணவராகவே இருந்தாலும் மறுத்துவிடுவதுதான் தலைவருக்குப் பாதுகாப்பு.

ஊர் இதை ஏன் இயல்பாக ஏற்கிறது? அதட்டிப் பேசுவதும், இரவில் காவல் நிலையம் போவதும், ஒப்பந்ததாரரோடு தேநீர்க் கடையில் நின்று பேசுவதுமே தலைமை என்று நெடுங்காலமாகப் பழகியிருக்கிறோம். இவை ஆணுக்குரிய நடத்தைகளாகக் கருதப்படுவதால் தலைமையும் ஆணுக்குரியதாகத் தோன்றுகிறது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வில், தலைவர் ஒருவரின் ஒரே உரையைச் சிலருக்கு ஆண் குரலிலும் சிலருக்குப் பெண் குரலிலும் ஒலிக்கவிட்டார்கள். பெண் தலைவரைக் கண்டிராத ஊர்களின் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைந்த மதிப்பெண் கொடுத்தார்கள். கண்டிருந்த ஊர்களில் அந்த வேறுபாடு மறைந்தது. ஆண் தலைவர்தான் வேண்டும் என்ற விருப்பம் மட்டும் அங்கும் மாறவில்லை. இருந்தும், இரண்டு முறை ஒதுக்கீடு கண்ட ஊர்களில் பெண்கள் பொது இடங்களிலும் கூடுதலாக வென்றார்கள். தமிழ்நாட்டில் ஓர் ஒதுக்கீட்டைத் தொடர்ந்து இரண்டு பதவிக்காலங்களுக்கு வைத்திருக்கும் வழக்கத்தின் பயனை இதைக்கொண்டு எடைபோடலாம்.

பெண் தலைவருக்குப் பதிலாகக் கணவரோ உறவினரோ அதிகாரம் செலுத்தும் இந்த 'மாற்றாள் ஆட்சி'யைத் தடுக்கக் கோரி உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற மனுவை நீதிமன்றம் 2023 ஜூலையில் ஒன்றிய அரசின் ஊராட்சி அமைச்சகத்தின் கவனத்துக்கு விட்டது. அமைச்சகம் அமைத்த குழு 2025-இல் அளித்த அறிக்கை, மாற்றாள் ஆட்சி நிரூபிக்கப்பட்டால் கடும் தண்டனை வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை வேறு, சட்டம் வேறு. அந்தத் தண்டனை யாருக்கு என்பதைச் சட்டம் தெளிவாக எழுதாவிட்டால், மேலே சொன்ன 205-ஆவது பிரிவின் கதை மறுபடியும் நடக்கும் என்றே தோன்றுகிறது.

பட்டியல் சாதிப் பெண் தலைவர்களுக்குத் தடை வீட்டுக்கு வெளியிலும் இருக்கிறது. 2020-இல் கடலூர் மாவட்டத்துத் தெற்குத் திட்டையில் தலைவரைத் தரையில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்திய படம் வெளிவந்தபோது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது. அத்தகைய நிலையில் தலைவர் காவல் நிலையத்தில் நேரடியாகப் புகார் தரலாம்.

ஊர் மக்களுக்கும் ஒரு வழி உண்டு. கிராம சபையில் தலைவரின் நாற்காலியில் வேறொருவர் அமர்ந்தால், கேள்வியைத் தலைவரிடமே கேட்டு அவரே பதில் சொல்ல வேண்டும் என்று வலியுறுத்தலாம். அதையும் மீறி அந்த வழக்கம் தொடர்ந்தால், நாள், இடம், தீர்மான எண் ஆகியவற்றைக் குறித்து ஆட்சியருக்கு மனு எழுதலாம்; அந்த மனுவில் தலைவரைக் குற்றம் சாட்டாமல், அவருடைய இடத்தில் அமர்ந்தவரின் பெயரை எழுதுவதே முறை.