இரண்டு தட்டுகளுக்கு நடுவே

பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்து, கன்னடியன் கால்வாயில் ஓட்டம் வந்துவிட்டால் சேரன்மகாதேவி வயல்களில் தொளி உழவு, அதாவது நீர் கட்டிய சேற்று உழவு, தொடங்கிவிடும். இரும்புக் கேஜ் வீல் மாட்டிய டிராக்டர்கள் வயிறு நனையும் அளவுக்குச் சேற்றில் இறங்கி, விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை சுற்றிக்கொண்டிருக்கும். அப்படி உழைத்த என் சித்தப்பாவின் 35 குதிரைத்திறன் டிராக்டருக்கு ஒரே ஆண்டில் இரண்டு முறை கிளட்ச் பிளேட் மாற்றினோம். இரண்டு முறையும் சில வாரங்களில் பழைய கதைதான். எஞ்சின் சத்தம் ஏறும், வண்டி நகராது.

மூன்றாவதாக வந்த மெக்கானிக் பிளேட்டைப் பற்றிப் பேசவே இல்லை. வண்டிக்கு அடியில் படுத்து, கிளட்சை மூடியிருக்கும் கூட்டின் அடிப்பகுதியைத் தடவினார். அங்கே விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. அதற்குரிய அடைப்பைக் காணவில்லை. துளைக்குள் கம்பியை விட்டுக் கிளறியதும், சேறும் கறுத்த எண்ணெயும் கலந்த கூழ் வழிந்தது. "பிளேட் என்ன செய்யும் அண்ணாச்சி? நடுவே வந்து உட்கார்ந்ததைப் பாருங்கள்" என்று சித்தப்பாவிடம் சொன்னார். கிளட்ச், பிரேக் இரண்டையும் புரிந்துகொள்ள அதைவிட நேரான வழி எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

கிளட்ச் என்பது மூன்று தட்டுகளின் கூட்டு. எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீல் ஒரு பக்கம், ஸ்பிரிங்குகள் அழுத்தும் பிரஷர் பிளேட் மறுபக்கம். இவை இரண்டுக்கும் நடுவே, இருபுறமும் லைனிங் என்ற உராய்வுப் பூச்சு பதித்த கிளட்ச் பிளேட் சிக்கியிருக்கிறது. அந்தப் பிடிமானத்தின் வழியாகத்தான் எஞ்சினின் விசை கியர் பெட்டிக்குப் போகிறது. பெடலை மிதித்தால் ஸ்பிரிங்கின் அழுத்தம் விலகி, நடுத்தட்டு விடுபடும். எவ்வளவு முறுக்குவிசையைக் கடத்த முடியும் என்பதை நான்கு காரியங்கள் தீர்மானிக்கின்றன: ஸ்பிரிங்கின் அழுத்தம், லைனிங்கின் உராய்வுத்திறன், தட்டின் ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. எண்ணெய் பட்டால் இவற்றில் இரண்டாவது சரிந்துவிடும். புது பிளேட் போட்டாலும் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் வளையமான எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் கசிந்துகொண்டிருந்தால், புது லைனிங்கும் சில நாளில் எண்ணெய் குடித்துவிடும். பெட்ரோலில் கழுவித் துடைத்து மாட்டுவதும் நிலைக்காது. லைனிங் நுண்துளைகள் கொண்டது. உள்ளே ஊறிய எண்ணெய் சூடேறியதும் மறுபடி மேலே வரும்.

வழுக்கும் கிளட்ச் எவ்வளவு வேகமாகத் தன்னை அழித்துக்கொள்ளும் என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். 35 குதிரைத்திறன் என்பது சுமார் 26 கிலோவாட். எஞ்சின் முழுத் திறனில் ஓட, நடுத்தட்டு அதன் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பாதித் திறன், அதாவது 13 கிலோவாட், அந்தத் தட்டுகளுக்கு நடுவே வெறும் வெப்பமாகிறது. 1000 வாட் இஸ்திரிப்பெட்டிகள் 13ஐ ஒரு மூடிய பானைக்குள் வைத்து எரியவிடுவதற்குச் சமம். பிரஷர் பிளேட்டில் நீலம் பாய்ந்த திட்டுகளும் மயிரிழை விரிசல்களும் அப்படி வருபவைதான். கிளட்ச் பெடல்மேல் ஓய்வாகக் கால் வைத்து ஓட்டும் பழக்கமும், பாதி மிதித்தபடியே பாரத்தை இழுக்கும் பழக்கமும் இந்தப் பானையைத்தான் மூட்டுகின்றன. உழவு நாள்களில் சம்பளத்துக்கு வரும் புதிய ஓட்டுநரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அடித்துளைக்கு வருவோம். பல டிராக்டர்களில் கிளட்ச் கூட்டுக்கு அடியில் இப்படியொரு வடிகால் உண்டு. சீல் கசிந்தால் எண்ணெய் அதன் வழியே சொட்டி நமக்குச் சேதி சொல்லும். அதனால் ரோட்டிலும் புழுதியிலும் ஓடும்போது அது திறந்திருக்க வேண்டும். தொளியில் இறங்கும்போதோ அடைத்தாக வேண்டும், இல்லையென்றால் சேறு நேராக உள்ளே போகும். எங்கள் வண்டியில் அடைப்பு எப்போதோ தொலைந்திருந்தது. சேறு உள்ளே போனது, கசிந்த எண்ணெய் அதில் கலந்து வெளிவர வழியில்லாமல் நின்றது. கார் நெல் பருவ உழவுக்கு அடைத்துவிட்டுப் பிறகு திறக்க மறப்பவர்களும் உண்டு. அங்கே எண்ணெய் சத்தமில்லாமல் தேங்கும்.

பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒன்று பெடலின் வெற்றசைவு. காலை வைத்ததும் எதிர்ப்பில்லாமல் இறங்கும் அந்தச் சிறு தூரம், பெரும்பாலான சிறு டிராக்டர்களில் 20 முதல் 30 மில்லிமீட்டர். சரியான அளவை வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். லைனிங் தேயத் தேய, பிரேக் பெடலின் வெற்றசைவு கூடும், கிளட்ச் பெடலின் வெற்றசைவு குறையும். பிரேக்கில் நம் கால்தான் லைனிங்கைச் சக்கரத்தோடு சுற்றும் டிரம்மோடு சேர்க்கிறது. லைனிங் மெலிந்தால் கால் கூடுதல் தூரம் போயாக வேண்டும். கிளட்சில் சேர்ப்பது ஸ்பிரிங், பிரிப்பதுதான் கால். நடுத்தட்டு மெலிந்ததும் பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கம் நகர்கிறது, அதன் நெம்புவிரல்கள் எதிர்ப்பக்கமாக, மிதிக்கும்போது அவற்றை அழுத்துகிற ரிலீஸ் பேரிங்கை நெருங்குகின்றன. வெற்றசைவு முழுதும் தீர்ந்துபோனால், யாரும் மிதிக்காமலே பேரிங் விரல்களை அழுத்திக்கொண்டிருக்கும். கிளட்ச் வழுக்கும், பேரிங்கும் எரியும். பெடல் "இறுக்கமாக, நன்றாக" இருக்கிறது என்று நிம்மதி அடைவது அதனால்தான் ஆபத்து.

பிரேக்கிலும் அதே உராய்வுதான். ஆனால் அங்கே வேலை, ஓட்டத்தை வெப்பமாக்கித் தொலைப்பது. டிராக்டரும் நெல் ஏற்றிய டிரெய்லருமாக 7 டன், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று கொள்வோம். அதை நிறுத்தினால் சுமார் 240 கிலோஜூல் வெப்பம் பிறக்கும். முக்கால் லிட்டருக்கும் சற்று அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். அவ்வளவும் ஒரு சில நொடிகளில் இரண்டு பின்சக்கர பிரேக்குகளுக்குள் இறங்குகிறது. சேறு புகுந்த டிரம்மில் இந்த அழுத்தத்தோடு மணல் அரைபடுவதை நினைத்துப் பாருங்கள்.

அதனால்தான் எண்ணெயில் மூழ்கிய டிஸ்க் பிரேக்குகள் நஞ்சை நிலத்துக்குப் பொருந்துகின்றன. எண்ணெய் பட்டால் வழுக்கும் என்று சொல்லிவிட்டு எண்ணெயிலேயே ஊறும் பிரேக்கா என்று கேட்கலாம். உலர்ந்த லைனிங்கின் உராய்வெண், அதாவது உராய்வுத்திறனின் அளவு, 0.3க்கு மேல் இருக்கும், எண்ணெயில் அது 0.1 அளவுக்கு இறங்கும். அந்த இழப்பைப் பல தட்டுகளை அடுக்கி, முகங்களைப் பெருக்கி ஈடுகட்டுகிறார்கள். எண்ணெய் வெப்பத்தை எடுத்துப் போகிறது, மூடிய கூட்டுக்குள் சேறு நுழைவதில்லை. இந்த லைனிங் எண்ணெய்க்கென்றே செய்யப்பட்டது. அதற்குச் சொன்ன எண்ணெயைத் தவிர்த்துக் கடையில் கிடைத்ததை ஊற்றினால் பிரேக் அலறும், பிடி விட்டுவிட்டு விழும்.

டிராக்டரின் வலது, இடது பிரேக்குகளுக்குத் தனித்தனிப் பெடல். வரப்போரம் சின்ன இடத்தில் திரும்ப ஒன்றை மட்டும் மிதிக்கிறோம். ரோட்டுக்கு ஏறும் முன் இரண்டையும் இணைக்கும் கொண்டியைப் போட்டாக வேண்டும். வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி குடைசாய்ந்துவிடும். இதைப் பற்றி வாதிக்க ஒன்றுமில்லை.

இதே இரண்டு கருவிகளையும் திசைதிருப்பப் பயன்படுத்துவது புல்டோசர். வேளாண் பொறியியல் துறை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிற புல்டோசர்கள் நிலம் திருத்த வருவதை நம் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். பழைய வகை புல்டோசரில் ஸ்டீயரிங் சக்கரம் கிடையாது. ஒவ்வொரு சங்கிலித்தடத்துக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். இடதுபக்கக் கிளட்சை விடுவித்தால் வலதுதடம் மட்டும் தள்ளும், வண்டி இடப்பக்கம் திரும்பும். இன்னும் இறுக்கமாகத் திரும்ப வேண்டுமென்றால் இடது பிரேக்கையும் பிடிப்பார்கள். செங்குத்தான சரிவில் இறங்கும்போது மட்டும் எல்லாம் மாறிவிடும். அங்கே எஞ்சின் வண்டியைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. இடது கிளட்சை விடுவித்தால் இடதுதடம் கட்டவிழ்ந்து முந்தி ஓடும், வண்டி வலப்பக்கம் திரும்பும். பழகாத கை கரையிலிருந்து கவிழ்வதற்கு இது ஒன்று போதும்.

அந்தப் பிரேக் பெரும்பாலும் பட்டை பிரேக். சுழலும் டிரம்மைச் சுற்றி, உள்ளே லைனிங் ஒட்டிய எஃகுப் பட்டை. மிரளும் காளையின் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தவருக்கு இதன் கணிதம் கைக்குத் தெரியும். உராய்வெண் 0.3 என்றால், இரண்டு முழுச் சுற்றில் நம் கையின் இழுவை ஏறத்தாழ 43 மடங்காகிறது. பிரேக் பட்டை முக்கால் சுற்றுதான் சுற்றியிருக்கும். அதிலேயே 4 மடங்கு. எளிய பட்டை ஒரு திசையில் டிரம்மின் சுழற்சியாலேயே இறுகும், மறுதிசையில் அவ்வளவு பிடிக்காது. இந்தக் கணக்கில் உராய்வெண் அடுக்கெண்ணாக (மடங்கின் மேல் மடங்காகப் பெருக்குவதாக) இருப்பதால் எண்ணெய்க் கசிவு இங்கே இன்னும் கடுமையாகத் தண்டிக்கும். 0.3 என்பது 0.1 ஆனால் அந்த 4 மடங்கு 1.6 ஆகச் சுருங்கிவிடும். உலர் வகை ஸ்டீயரிங் கிளட்ச் அறைகளின் அடியிலும் ஒரு வடிகால் அடைப்பு உண்டு. அதைக் கழற்றி வடித்துப் பார்ப்பதுதான் முதல் சோதனை.

சித்தப்பாவின் டிராக்டரை எஞ்சின் ஒரு பாதி, கியர் பெட்டி ஒரு பாதியாகப் பிரித்தோம். முன்அச்சில் ஆப்பு வைத்து எஞ்சின் சாயாமல் தாங்கிய பிறகுதான் போல்ட்டுகளைத் தொட்டார் அந்த மெக்கானிக். கூட்டுக்குள் இருந்த தூசியைக் காற்றால் ஊதவிடவில்லை. பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்திருக்கலாம், அதன் இழை நுரையீரலில் தங்கி ஆளைக் கொல்லும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டினார். பிறகு ஆயில் சீல், ஃப்ளைவீல் முகத்துக்குக் கடைசல், அதன் பின்னர்தான் புது பிளேட். பழைய தண்டு ஒன்றை நடுவில் செருகி, பிளேட்டை மையம் பார்த்து இறுக்கினார். அடைப்பும் புதிதாக வந்தது. அது இப்போது கருவிப்பெட்டியில் தனித் தகரடப்பாவில் இருக்கிறது.

பிசான நெல் பருவ உழவு முடிந்து மழையில் வண்டி சும்மா நிற்கும் நாள்களில், கிளட்ச் பெடலை அமிழ்த்தி ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து வைக்கிறார் சித்தப்பா. ஈரத்தில் நடுத்தட்டு ஃப்ளைவீலோடு துருவேறி ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு.